கணினிக் கேள்வி–பதில்: பழைய கோப்புகள், பழைய நாடாக்கள், பழைய மடிக்கணினிகள்

இம்மாதம் வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது ஒன்று புலப்பட்டது. புதிதாக என்ன வாங்கலாம் என்று கேட்டவர்கள் குறைவு. கையில் இருக்கும் பழையதை எப்படிக் காப்பாற்றுவது என்று கேட்டவர்களே மிகுதி. ஆகவே இம்முறை அவ்வகைக் கேள்விகளுக்கே பெரும்பாலான இடத்தை ஒதுக்கியிருக்கிறேன். இங்கே பரிந்துரைக்கப்படும் மென்பொருள்கள் யாவும் கட்டணமின்றிக் கிடைப்பவை.

நான் 1999 முதல் 2008 வரை எழுதிய கட்டுரைகள் அனைத்தும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. மகன் வாங்கித் தந்த புதிய கணினியில் அவற்றைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரிகின்றன. கோப்புகள் கெட்டுவிட்டனவா?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருமங்கலம்

கெடவில்லை ஐயா, கவலைப்பட வேண்டாம். பாமினி போன்ற எழுத்துருக்களில் தமிழ் என்பது கண்ணுக்குத்தான் தமிழ். கணினிக்கு அது ஆங்கில எழுத்துகளின் வரிசை. ‘அம்மா’ என்று நீங்கள் அடித்தபோது கோப்பில் பதிந்தவை எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகளே. அந்த எம்மை ‘அ’ ஆகவும், கேயை ‘ம’ ஆகவும், அரைப்புள்ளியை மெய்யெழுத்தின் புள்ளியாகவும், எச்சைக் காலாகவும் வரைந்து காட்டியது எழுத்துரு. புதிய கணினியில் அந்த எழுத்துரு இல்லாததால் வேடம் கலைந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

அக்காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு குறியாக்கத்தை, அதாவது எந்தக் குறி எந்த எழுத்து என்னும் வரையறையை, வைத்திருந்தது. 1999-இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்னும் இரண்டைத் தரமாக அறிவித்தது. இணையக் குழுக்களில் திஸ்கி என்னும் குறியாக்கம் புழங்கியது. ஈழத்தவரிடையேயும் புலம்பெயர்ந்தோரிடையேயும் பாமினி வேரூன்றியிருந்தது. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறியாக்கமான யூனிகோடின் 1991-இல் வெளிவந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது என்றாலும், நம் தட்டச்சகங்களும் அச்சகங்களும் அதற்கு மாற வெகுகாலம் பிடித்தது. சில இன்றும் மாறவில்லை என்பதைத் திருமண அழைப்பிதழ் அடிக்கப் போகிறவர்கள் அறிவார்கள்.

இனி செய்ய வேண்டியது. முதலில் கோப்புகள் அனைத்தையும் ஒரு பென் டிரைவில் படியெடுத்துத் தனியே வைத்துவிடுங்கள். மாற்றும் வேலை முழுவதும் படியில்தான் நடக்க வேண்டும். அடுத்து, கோப்பை வேர்டிலோ லிப்ரே ஆபிஸ் ரைட்டரிலோ திறந்து, புரியாத எழுத்துகளின் மேல் சுட்டியை வைத்து, மேலே உள்ள எழுத்துருப் பெட்டியைப் பாருங்கள். எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும் அதன் பெயர் அங்கே இருக்கும். ஒன்பது ஆண்டுக் கோப்புகளில் இரண்டு மூன்று எழுத்துருக்கள் கலந்திருக்க வாய்ப்புண்டு. அவற்றைக் கோப்புறை வாரியாகப் பிரித்துக்கொள்வது பின்னால் பெரும் அலுப்பைத் தவிர்க்கும். மூன்றாவதாக, பாமினி எழுத்துருவைத் தேடி நிறுவி, கட்டுரை தமிழாகத் தெரியும் அந்நிலையிலேயே ஒவ்வொன்றையும் பிடிஎஃப் ஆக ஒருமுறை சேமித்துவிடுங்கள். இந்தப் படியைப் பலரும் தாண்டிவிடுகிறார்கள். மாற்றிய பிறகு சரிபார்க்க மூலம் வேண்டும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வரும்.

பிறகு வேண்டியது மாற்றி என்னும் கருவி. என்.எச்.எம். கன்வர்ட்டர் என்னும் மென்பொருளைக் கணினியில் நிறுவிக்கொண்டால் இணையம் இல்லாமலே பாமினி, டாப், டாம், திஸ்கி ஆகியவற்றை யூனிகோடாக்கலாம். ஓரிரு பக்கங்கள்தாம் என்றால் பொங்குதமிழ் போன்ற இணைய மாற்றியில் ஒட்டி எடுத்தாலே போதும். பைத்தான் நிரல்மொழி தெரிந்த பேரப்பிள்ளை யாராவது வீட்டில் இருந்தால், ஓப்பன் தமிழ் என்னும் நிரல் தொகுப்பைக் கொண்டு நூறு கோப்புகளையும் ஒரே மூச்சில் மாற்றிவிட முடியும்.

வேர்டில் ‘கண்டுபிடித்து மாற்று’ வசதியைக் கொண்டே ஒவ்வோர் எழுத்தாக மாற்றிவிடலாமே என்று தோன்றக்கூடும். அது நடவாது. பழைய எழுத்துருக்களில் ‘கொ’ என்பது கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்று துண்டுகளாக இருக்கும். யூனிகோடில் முதலில் ‘க’, அதன்பின் ஒகரக் குறி என்று ஒலிக்கும் வரிசையில் இருக்கும். கொம்பைப் பின்னுக்குத் தள்ளிக் காலோடு சேர்க்கும் வேலையைச் செய்வதில்தான் மாற்றிகளின் தரம் வெளிப்படுகிறது. எனவே மாற்றிய கட்டுரையில் முதலில் ஒகர, ஓகார, ஔகார எழுத்துகளைப் பாருங்கள். அவை சரியாக இருந்தால் மற்றவை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அடுத்து நிறுத்தக்குறிகளைப் பாருங்கள். பாமினி பல குறிகளின் இடத்தைத் தமிழ் எழுத்துகளுக்குக் கொடுத்துவிட்டதால் அவை இடம் மாறி உட்கார்ந்திருக்கும். கட்டுரையின் நடுவே வேறு எழுத்துருவில் அடித்த ஆங்கிலச் சொற்களையும் மாற்றி தமிழென்றே எண்ணி உளறலாக்கியிருக்கும். பிடிஎஃப்பைப் பார்த்துக் கையால் திருத்துவதைத் தவிர இதற்குக் குறுக்குவழி இல்லை. நாளுக்கு ஒரு கட்டுரை என்று வைத்துக்கொண்டால் சலிப்பில்லாமல் முடியும்.

நாங்கள் முழுக்க யூனிகோடில்தான் அடிக்கிறோம். ஆயினும் ‘கோயில்’ என்று தேடினால் சில இடங்கள் அகப்படுகின்றன, கண்ணெதிரே இருக்கும் சில இடங்கள் அகப்படுவதில்லை. மென்பொருளில் கோளாறா?
– சிற்றிதழ் வடிவமைப்பாளர், கோயம்புத்தூர்

மேலே சொன்ன கொம்பும் காலும் இங்கேயும் வந்து நிற்கின்றன. யூனிகோடில் ஓகாரக் குறிக்கு ஒரே குறியெண்ணும் உண்டு. ஏகாரக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரு குறியெண்களாகவும் அதை எழுதலாம். இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். தரத்தின்படி இவை சமமானவை, ஆனால் எல்லாத் தேடல் கருவிகளும் அந்தச் சமத்தை மதிப்பதில்லை. ‘கோ’ எழுத்துக்குப் பின் சுட்டியை வைத்துப் பின்னழிப்பு விசையை ஒருமுறை தட்டிப் பாருங்கள்: ‘கே’ மிஞ்சினால் அது இரட்டைக் குறி, ‘க’ மிஞ்சினால் ஒற்றைக் குறி. பெரும்பாலான எழுதும் மென்பொருள்களில் இந்தச் சோதனை பலிக்கும். இரட்டைக் குறியைப் படியெடுத்துத் ‘தேடு’ கட்டத்திலும், ஒற்றைக் குறியை ‘மாற்று’ கட்டத்திலும் ஒட்டி ஒருமுறை ஓட்டினால் தீர்ந்தது. ஒகரத்துக்கும் அவ்வாறே செய்க. பைத்தானில் இதற்கென்றே யூனிகோடு இயல்பாக்கம் என்னும் வசதி உள்ளமைந்திருக்கிறது.

இதைவிடத் தொல்லையானது, காலுக்குப் பதிலாக ‘ர’ அடிப்பதும் ஔகாரக் குறிக்குப் பதிலாக ‘ள’ அடிப்பதும் ஆகும். அவை சமமானவை அல்ல, வெறும் பிழைகள். எந்தக் கருவியும் அவற்றைத் தானாகத் திருத்தாது.

1950-களில் அச்சான நாட்டு மருத்துவ நூல் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. தாள்கள் உதிர்கின்றன. இதைத் திரும்பத் தட்டச்சு செய்யாமல் எழுத்துகளாக மாற்ற முடியுமா?
– கல்லூரி மாணவி, காரைக்குடி

முடியும். படத்திலிருந்து எழுத்தைக் கண்டறியும், எழுத்துணரி என்று நாம் சொல்லும் கருவிகளுள் டெசராக்ட் இன்று கட்டணமின்றிக் கிடைப்பவற்றில் முதன்மையானது. 1980-களில் எச்.பி. நிறுவனத்தில் உருவாகி, 2005-இல் திறந்த மூலமாக்கப்பட்டு, பின்னர் கூகுளின் ஆதரவில் வளர்ந்தது. 2018-இல் வந்த நான்காம் பதிப்பில், மாதிரிகளைக் கொண்டு கற்கும் நரம்பு வலையமைப்பு முறைக்கு மாறிய பின் தமிழில் அதன் திறன் வெகுவாக உயர்ந்தது. கட்டளைகளை அடித்துப் பழக்கமில்லாதவர்களுக்கு நாப்ஸ்2 என்னும் மென்பொருள் ஏற்றது. வருடியிலிருந்து (ஸ்கேனர்) படம் பிடிப்பது, பக்கங்களை அடுக்குவது, டெசராக்டைக் கொண்டு எழுத்தறிவது ஆகிய மூன்றையும் ஒரே சாளரத்தில் செய்கிறது. அதில் தமிழ் மொழித் தரவைத் தனியே தரவிறக்கித் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘எல்லாம் குப்பையாக வருகிறது’ என்று எழுதுகிறவர்களில் பலர், மொழியை ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டவர்கள்தாம்.

வருடும்போது அங்குலத்துக்கு 300 புள்ளிகளுக்குக் குறைக்காதீர்கள். சிற்றெழுத்து என்றால் 400 வையுங்கள். கறுப்பு–வெள்ளையைவிடச் சாம்பல் நிற முறை பழுப்பேறிய தாளுக்குப் பொருந்தும். உதிரும் நூலை வருடியின் கண்ணாடியில் கவிழ்த்து அழுத்துவது அதன் ஆயுளைக் குறைப்பதாகும். மேசையில் விரித்து வைத்து, பகல் வெளிச்சத்தில், கைப்பேசியை நேர்மேலே தாங்கியில் பொருத்திப் படம் எடுப்பதே நூலுக்கு நல்லது. அப்படங்களின் சாய்வையும் ஓரங்களையும் சீராக்க ஸ்கேன் டெய்லர் என்னும் கருவி இருக்கிறது.

இனி எச்சரிக்கை இரண்டு. உங்கள் நூல் 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்கு முற்பட்டது. லை, னை, ணை ஆகியவை துதிக்கை போன்ற கொம்போடும், ணா, றா, னா ஆகியவை சுழித்த வடிவிலும் அச்சாகியிருக்கும். இக்கால எழுத்துகளைக் கொண்டு பயிற்றப்பட்ட கருவி அங்கெல்லாம் தடுமாறும். ஒரே எழுத்தில் ஒரேவிதமாகத் தவறுகிறது என்பதைக் கண்டுகொண்டால், முதல் பத்துப் பக்கங்களைக் கையால் திருத்தும்போதே ஒரு பிழைப்பட்டியல் தயாரித்து, மீதிப் பக்கங்களில் அவற்றை மொத்தமாக மாற்றிவிடலாம்.

இரண்டாவது இன்னும் முக்கியமானது. மருத்துவ நூல்களில் கழஞ்சு, பலம், வராகன் என அளவுகளும், தமிழ் எண்களும் பின்னக் குறிகளும் வரும். ‘க’ என்னும் எழுத்தும் ‘௧’ என்னும் எண்ணும் ஏறக்குறைய ஒரே உருவம். கதைப் புத்தகத்தில் ஓரெழுத்து பிசகினால் படிப்பவர் சிரித்துக்கொண்டு கடந்துபோவார். மருந்தளவில் பிசகினால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அளவு வரும் ஒவ்வொரு வரியையும் படத்தோடு ஒப்பிட்டு இருவர் தனித்தனியே பாருங்கள். பொதுவில் வெளியிடும் எண்ணம் இருந்தால், ஆசிரியர் காலமாகி 60 ஆண்டுகள் கடந்துவிட்டனவா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். கடந்திருப்பின் தமிழ் விக்கிமூலம் என்னும் இணைய நூலகத்தில் ஏற்றலாம். அங்கே படம் ஒருபுறமும் எழுத்து மறுபுறமுமாக வைத்துத் தன்னார்வலர்கள் சேர்ந்து மெய்ப்புப் பார்க்கிறார்கள்.

அப்பா வாசித்த நாகசுரக் கச்சேரிகள் பதினெட்டு ஒலிநாடாக்களில் இருக்கின்றன. கணினிக்கு மாற்றி இரைச்சலை நீக்க வேண்டும். கடையில் கொடுத்து ஒன்றை மாற்றியபோது, தண்ணீருக்குள்ளிருந்து வாசிப்பதுபோல் ஒலிக்கிறது.
– நாகசுரக் கலைஞரின் மகன், திருவாரூர்

தண்ணீருக்குள்ளிருந்து ஒலிப்பதுபோல் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவே நோயின் பெயரும் ஆகும். இரைச்சல் நீக்கத்தை அளவுக்கு மீறிப் பயன்படுத்தினால் அப்படித்தான் ஆகும். மூல நாடா உங்களிடமே இருப்பதால் ஒன்றும் இழந்துவிடவில்லை.

நாடாக்களை ஓட்டுவதற்கு முன் நாடாப் பெட்டியின் சன்னல் வழியே உற்றுப் பாருங்கள். வெண்பூசணம் தெரிந்தால் அந்த நாடாவை மட்டும் ஓட்டாமல் ஒதுக்கிவையுங்கள். மற்றவற்றை முழுதாக ஒருமுறை முன்னும் பின்னும் சுற்றி, ஒட்டிக்கிடக்கும் சுற்றுகளைத் தளர்த்துங்கள். ஒலிப்பானின் தலையைப் பஞ்சில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். பாதி இரைச்சலும் மங்கலும் அந்த அழுக்கினால் வருபவை; அதை எந்த மென்பொருளும் துடைக்காது.

மடிக்கணினியில் உள்ள ஒலிவாங்கித் துளையில் நேரடியாகச் செருகாதீர்கள். அது மெல்லிய குரலுக்காக அமைந்தது, நாடா ஒலிப்பானின் வலிமையைத் தாங்காமல் கரகரக்கும். வெளிக்கருவியின் ஒலியை வாங்கும் லைன் இன் துளை உள்ள யு.எஸ்.பி. ஒலி இணைப்பி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். பதிவு செய்ய ஆடாசிட்டி போதும்; 1999-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கி இன்றுவரை கட்டணமின்றிக் கிடைப்பது. தவில் உச்சத்தில் முழங்கும் இடத்தை முதலில் ஓடவிட்டு, அளவுமானி கழித்தல் 6 டெசிபலைத் தாண்டாதபடி ஒலியளவை வைத்துவிட்டு, பிறகு தொடக்கத்திலிருந்து பதியுங்கள். குறுந்தட்டுத் தரத்தில் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 எம்.பி. ஆகும், 60 நிமிட நாடா ஒன்றுக்கு 600 எம்.பி. ஃபிளாக் வடிவில் சேமித்தால் தரம் சிறிதும் குறையாமல் ஏறக்குறைய பாதியாகும். இந்த மூலப் பதிவைத் தொடவே கூடாது. திருத்தங்களெல்லாம் இதன் படியில்தான்.

இரைச்சல் நீக்கம் இரண்டு கட்டம். வாசிப்புத் தொடங்குமுன் நாடாவின் ‘ஸ்ஸ்’ ஒலி மட்டும் கேட்கும் இரண்டு மூன்று விநாடிகளைத் தேர்ந்தெடுத்து, அதுவே இரைச்சலின் மாதிரி என்று மென்பொருளுக்குக் காட்டுவது முதற்கட்டம். முழுப் பதிவையும் தேர்ந்து நீக்குவது இரண்டாம் கட்டம். அங்கே நீக்கும் அளவு 12 டெசிபல் என்று இருந்தால் 6-ஆகக் குறைத்து முயலுங்கள். நாகசுரத்தின் ஊதுநாக்கான சீவாளி எழுப்பும் மேலொலிகளும் நாடாவின் இரைச்சலும் ஒரே அதிர்வெண் பரப்பில் கலந்து கிடக்கின்றன. இரைச்சலை அடியோடு வழித்தெடுத்தால் சீவாளியின் உயிரும் கூடவே போய்விடும். கடைக்காரர் செய்தது அதுதான். கொஞ்சம் இரைச்சல் மிஞ்சுவதே நல்லது என்பது என் கருத்து. காது ஐந்து நிமிடத்தில் அதை மறந்துவிடும்.

இன்னொன்று: பழைய ஒலிப்பான்களின் பட்டை தளர்ந்தால் வேகம் குறையும், சுருதி இறங்கும். அப்பா எந்தச் சுருதியில் வாசிப்பார் என்பது குடும்பத்துக்குத் தெரியுமே. சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள். விலகல் இருந்தால், ஆடாசிட்டியில் வேகத்தை மாற்றும் வசதியால் நேராக்குங்கள். வேகத்தைத் தொடாமல் சுருதியை மட்டும் மாற்றும் வசதியும் பக்கத்திலேயே இருக்கும். அது இங்கே பொருந்தாது. ஏனெனில் நாடா மெதுவாக ஓடியபோது இரண்டும் சேர்ந்தே குறைந்தன.

கேமராவின் மெமரி கார்டைத் தவறுதலாக ஃபார்மட் செய்துவிட்டேன். காதணி விழாப் படங்கள் 400 போய்விட்டன. மீட்க முடியுமா?
– ஒளிப்படக் கலைஞர், சிவகாசி

கார்டைக் கேமராவிலிருந்து கழற்றிவிட்டீர்களா என்பதுதான் என் முதல் கேள்வி. ஃபார்மட் செய்தவுடன் பெரும்பாலும் அழிவது பொருளடக்கப் பக்கம் மட்டுமே. படங்கள் அப்படியே கிடக்கும். அதன்மேல் புதிய படம் ஒன்றை எடுத்தால்தான் அந்த இடத்தில் இருந்த பழையது உண்மையாகவே ஒழியும்.

ஃபோட்டோரெக் என்னும் கருவியைப் பயன்படுத்துங்கள். அது பொருளடக்கத்தைப் பாராமல், கார்டின் முதல் மூலையிலிருந்து கடைசி மூலை வரை படித்து, ஜேபெக் படங்கள் தொடங்கும் இடத்தில் எப்போதும் இருக்கும் மாறாத அடையாளக் குறியைக் கண்டு, அங்கிருந்து ஒரு படமாக வெட்டி எடுக்கிறது. ஆகவே கோப்புப் பெயர்கள் திரும்பக் கிடைக்கமாட்டா; எண்களாகவே வரும். படம் எடுத்த நாளும் நேரமும் படத்துக்குள்ளேயே பதிந்திருப்பதால் வரிசைப்படுத்திக்கொள்ளலாம். நீண்ட காணொளிகள் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தால் முழுமையாகக் கிடைப்பது அரிது. கறுப்புத் திரையைக் கண்டு தயங்குபவர்களுக்காகக் கியூஃபோட்டோரெக் என்னும் சாளர வடிவமும் அதே தொகுப்பில் வருகிறது. மீட்கும் படங்களை அதே கார்டில் சேமிக்காதீர்கள். நான் ஒருமுறை அவசரத்தில் அப்படிச் செய்து, மீட்டெடுத்த முதல் முப்பது படங்களால் அடுத்த முப்பதை நானே அழித்தேன்.

கைப்பேசியின் உள்நினைவகத்துக்கும், சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகமான எஸ்.எஸ்.டி.க்கும் இந்த நம்பிக்கை பொருந்தாது. அழிக்கப்பட்ட இடங்களை அவை தாமாகவே துடைத்துவிடுகின்றன. கைப்பேசியில் போனவற்றைக் கூகுள் ஃபோட்டோஸின் குப்பைத்தொட்டியில் தேடுங்கள். காப்பெடுக்கப்பட்டிருந்த படங்கள் அங்கே 60 நாள் இருக்கும்.

பள்ளியில் அரசு தந்த விலையில்லா மடிக்கணினி இன்னும் ஓடுகிறது. நினைவகம் 2 ஜிபி. விண்டோஸ் 10 போட்டிருக்கிறேன். இனிப் பயன்படுத்தக்கூடாது என்கிறார்கள். தூக்கிப் போட்டுவிடலாமா?
– கூட்டுறவுச் சங்க ஊழியர், அருப்புக்கோட்டை

தூக்கிப் போட வேண்டாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. தனியாகப் பதிந்துகொண்டவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜிபி நினைவகமும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும் கேட்பதால் உங்கள் கணினியில் முறைப்படி ஏறாது. சில்லைச் சோதிக்காமல் ஏற்றிவிடும் தந்திரங்கள் உலவுகின்றன. 2 ஜிபி கணினியில் அப்படி ஏற்றி என்ன பயன்?

விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளம் லினக்ஸ்; அதன் ஒரு வகையான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை முயலுங்கள். 2 ஜிபியில் நடக்கும், 4 ஜிபி இருந்தால் ஓடும். எனவே முதலில் 2 ஜிபி நினைவகச் சில்லு ஒன்றைச் சேர்க்க இடமிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, சுழலும் வன்தட்டை எடுத்துவிட்டு 240 ஜிபி எஸ்.எஸ்.டி. போடுவது பழைய கணினிக்குச் செய்யக்கூடிய மிகச் சிறந்த மருத்துவம். வேகத்தில் நீங்கள் உணரும் மாற்றத்தில் பெரும்பங்கு லினக்ஸினால் அல்ல, அதனால்தான் வரும்.

மின்ட்டின் தளத்திலிருந்து இறக்கிய கோப்பை ரூஃபஸ் அல்லது எட்சர் என்னும் கருவியைக் கொண்டு பென் டிரைவில் எழுதுங்கள். எழுதுமுன், கோப்பு முழுமையாக வந்ததா என்று காட்டும் அதன் சரிபார்ப்புத் தொகையைத் (செக்சம்) தளத்தில் கொடுத்திருப்பதோடு ஒப்பிடுங்கள். நம்மூர் இணைய வேகத்தில் பாதியில் அறுந்து ஒட்டிய கோப்பைக் கொண்டு நிறுவி, பிறகு ‘லினக்ஸே சரியில்லை’ என்று சொல்பவர்களைக் கண்டிருக்கிறேன். பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கினால், வன்தட்டில் எதையும் தொடாமலே மின்ட் முழுதாகத் திறக்கும். உடனே நிறுவிவிடாதீர்கள். ஒரு நாள் அப்படியே வைத்து வைஃபை, அச்சுப்பொறி, ஒலி மூன்றும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். செய்தால், கோப்புகளை வெளியே படியெடுத்துவிட்டு நிறுவுங்கள்.

தமிழ் தட்டச்சுக்கு ஐபஸ் உள்ளீட்டு முறையையும் அதற்கான எம்17என் தொகுப்பையும் நிறுவினால் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும். சங்கத்தின் கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டும் ஓடுவது என்றால், அந்த வேலையை அலுவலகக் கணினியிலேயே வைத்துக்கொண்டு இதை வீட்டுக்கு ஆக்குங்கள்.

கணினி வேகமாக ஓட ரெஜிஸ்ட்ரி கிளீனர், டிரைவர் அப்டேட்டர் எவை நல்லவை?
– மாணவர், வேலூர்

எவையும் வேண்டாம். விண்டோஸுடன் வரும் நச்சுநிரல் தடுப்பான் டிஃபெண்டரும், அமைப்புகளில் உள்ள சேமிப்பகத் துப்புரவும், தொடக்கத்தில் தானாக ஓடும் நிரல்களை டாஸ்க் மேனேஜரில் நிறுத்திவைப்பதும் போதும்.

வேலை விண்ணப்பங்களுக்குச் சான்றிதழ்களை இணைக்கவும் புகைப்படத்தின் அளவைக் குறைக்கவும் இணையதளங்களைப் பயன்படுத்துகிறேன். ஆதாரையும் அப்படியே ஏற்றலாமா?
– பட்டதாரி, தருமபுரி

ஏற்றாதீர்கள். ‘ஒரு மணி நேரத்தில் அழித்துவிடுவோம்’ என்று எழுதியிருப்பதை நாம் சரிபார்க்க வழியில்லை. இந்த வேலைகளெல்லாம் நம் கணினிக்குள்ளேயே முடிபவை. பிடிஎஃப் கோப்புகளை இணைக்கவும் பிரிக்கவும் பிடிஎஃப்சாம் என்னும் மென்பொருளின் அடிப்படைப் பதிப்பு இருக்கிறது. இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டும் ஓடும். படத்துக்குக் கிம்ப் என்னும் மென்பொருள்: முதலில் படத்தின் நீள அகலத்தை விண்ணப்பத்தில் கேட்ட அளவுக்குக் குறையுங்கள், பின்பு ஜேபெக் ஆக ஏற்றுமதி செய்யும் பெட்டியில் முன்னோட்டத்தை இயக்கினால், தர அளவை நகர்த்த நகர்த்தக் கோப்பு எத்தனை கேபி ஆகும் என்பது அங்கேயே தெரியும். பலரும் நீள அகலத்தைக் குறைக்காமல் தரத்தை மட்டும் குறைத்து, முகம் கட்டம் கட்டமாகச் சிதைந்த படத்தை அனுப்பிவிடுகிறார்கள். ஆதாரைப் பொறுத்தவரை, முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட வடிவத்தையே ஆதார் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம்; அதை ஏற்குமிடங்களில் அதையே கொடுங்கள்.

இம்மென்பொருள்களைத் தமிழில் கற்றுக்கொள்ள முறையான பாடங்கள் இருக்கின்றனவா? காணொளிகளைப் பார்த்தால் புரிகிறது, கணினிமுன் உட்கார்ந்தால் மறந்துவிடுகிறது.
– இல்லத்தரசி, நாகர்கோவில்

இருக்கின்றன. மும்பை ஐ.ஐ.டி. நடத்தும் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் லிப்ரே ஆபிஸ், கிம்ப், இங்க்ஸ்கேப், லினக்ஸ், பைத்தான் முதலியவற்றுக்குத் தமிழ்க் குரலில் பாடங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய பத்து நிமிடம். சில பாடங்கள் பழைய பதிப்புகளை வைத்துப் பதிவானவை என்பதால், பட்டியலில் ஒரு பொத்தான் இடம் மாறியிருக்கலாம். பெயரைத் தேடினால் அகப்பட்டுவிடும். படித்துக் கற்க விரும்புவோருக்குக் கணியம் மின்னிதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள்களைப் பற்றித் தமிழில் கட்டுரைகளும் மின்னூல்களும் வெளியிட்டு வருகிறது.

மறந்துவிடுவதற்குக் காரணம், பார்ப்பதும் செய்வதும் வெவ்வேறு வேளைகளில் நடப்பதே. மும்பைத் திட்டத்தாரே சொல்லும் முறை ஒன்று உண்டு: திரையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் பாடத்தை ஓட்டி, மறுபாதியில் மென்பொருளைத் திறந்துவைத்து, அவர்கள் ஒரு படி செய்ததும் நிறுத்திவிட்டு, அதே படியை நீங்கள் செய்ய வேண்டும். பத்து நிமிடப் பாடம் அரை மணி நேரம் பிடிக்கும். விண்டோஸில் சாளர விசையையும் இடப்பக்க அம்புக்குறியையும் சேர்த்து அழுத்தினால் சாளரம் இடப்பாதியில் போய் ஒட்டிக்கொள்ளும். வலப்பக்க அம்புக்குறியோடு அழுத்தினால் வலப்பாதியில். முதல் பாடமாகக் கணக்குத்தாள் மென்பொருளான லிப்ரே ஆபிஸ் கால்க்கை எடுத்துக்கொண்டு, அவர்கள் தரும் எடுத்துக்காட்டுக்குப் பதிலாக உங்கள் வீட்டு மளிகைக் கணக்கையோ பால் கணக்கையோ போட்டுப் பாருங்கள். எங்கேனும் தடைப்பட்டால் எந்தப் பாடத்தின் எத்தனையாவது நிமிடம் என்பதைக் குறிப்பிட்டு எழுதுங்கள். அடுத்த இதழில் பார்ப்போம்.